மருந்துக்கு மசியாத கிருமி

ரஞ்சனியின் வலது கையில் அந்தக் கீறல் விழுந்தபோது அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தவிட்டு டின்னின் மூடி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழுத்துவிட்டது. மஞ்சளை அப்பிக்கொண்டு, அதே கையோடு மாட்டின் மடியைக் கழுவப் போய்விட்டாள். கறக்கும் நேரம் தப்பினால் மாடு கத்தும். எதிரே இருக்கும் பெண்கள் விடுதியில் காலை ஷிப்டுக்குக் கிளம்புகிறவர்கள் டீ குடிக்காமல் கம்பெனி பஸ் ஏற மாட்டார்கள்.

வல்லக்கோட்டையிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி அவர்கள் வீடு. பின்னால் தகரக் கொட்டகை. அதில் ஒன்பது கறவை மாடுகள். கல்யாணத்துக்கு முன்னால் ரஞ்சனி செல்போன் கம்பெனியில் லைனில் நின்றவள். மகள் நிலா பிறந்தபிறகு ஷிப்ட் ஒத்துவரவில்லை என்று ஒரு மாடு வாங்கினாள்; ஐந்தாறு வருஷத்தில் அது ஒன்பதானது. மாடுகளுக்குக்கூட கம்பெனிப் பெயர்கள்தான் வைத்திருந்தாள். கன்று போட்டு எத்தனை மாதமானாலும் பால் வற்றாமல் ஓவர்டைமாகக் கறந்துகொண்டே இருந்தது ஓ.டி. எல்லா மாட்டையும் இடித்துத் தள்ளிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு முதலில் வருவது சூப்பர்வைசர். தலைச்சன் கன்று ஈன்றது டிரெய்னி. ஒரகடத்தில் உதிரிபாகக் கிடங்கொன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அவள் கணவன் தாவீது, வேலையிலும் சூப்பர்வைசர், வூட்டிலும் சூப்பர்வைசரா என்று சலித்துக்கொள்வான்.

அந்த சூப்பர்வைசருக்குத்தான் சில மாதங்களாக மடி சரியில்லை. பின்பக்கத்து இடது காம்பு வீங்கிக் கல்லாகும், தொட்டால் சுடும், பாலில் திரித்திரியாக வரும். அப்போதெல்லாம் அவர்கள் இசக்கிபாண்டிக்கு போன் போடுவார்கள். தென்காசிப் பக்கத்து ஆள். கம்பெனிகள் கட்டுகிற வேலைக்கு வந்தவர், பிறகு ஒரு மாட்டு டாக்டரிடம் கூடமாட இருந்துவிட்டு, இப்போது பைக்கில் மருந்துப் பெட்டியோடு சுற்றுப்பட்டு ஊர்களில் தாமே ஊசி போடுகிறார். படித்த டாக்டர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கூப்பிட்ட குரலுக்கு வருவார். அவர் ஊசி போட்டால் இரண்டு நாளில் வீக்கம் வடியும். வடிந்ததும் நிறுத்திவிடுவார்கள். அடுத்த மாதம் மறுபடி வீங்கும். "போன தடவை போட்டது கேக்கல தங்கச்சி, இந்தத் தடவை பெரிய மருந்தாப் போட்டுருதேன்" என்பார்.

கீறல் பட்ட கை நான்காம் நாள் வீங்கியது. பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டு மாத்திரை கொடுத்தார்கள். குறையவில்லை. மறுபடி போய் இன்னொரு ஊசி போட்டுக்கொண்டாள். அப்போதும் குறையவில்லை. ஷிப்ட் முடிந்து வந்த தாவீது, அவள் அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். கை முழங்கை வரைக்கும் சிவந்து மினுமினுத்தது. உடம்பு அனலாகக் கொதித்தது.

"இன்னா ரஞ்சனி, இப்டி வீங்கிக்கினு கீது! ஒரு போன் பண்ணக்கூடாதா?"

"வேலையில இருப்பீங்களேன்னுதான். மாட்டுக்குத் தண்ணி காட்டணும்ங்க…"

"மாடு கெடக்குது, எழுந்திரு."

நிலாவைப் பக்கத்துத் தெருவில் இருக்கும் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, ஷேர் ஆட்டோக்காரரை முழுசாகப் பேசி, மனைவியை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள் நகராமல் நின்றன. ரஞ்சனி அவன் தோளில் சாய்ந்து ஏதோ முனகிக்கொண்டே வந்தாள். உற்றுக் கேட்டான். மாடுகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுபஸ்ரீ என்ற இளம்பெண் கையைப் பார்த்தவுடனே தியேட்டருக்குக் கொண்டுபோகச் சொன்னாள். கீறிச் சீழை வெளியேற்றினார்கள். வெளியே வந்து தாவீதிடம் சொன்னாள்: "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா விரலை எடுக்கவேண்டி வந்திருக்கும். சீழை லேபுக்கு அனுப்பியிருக்கேன். அந்தக் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகுது, எதுக்குச் சாகலைன்னு பார்ப்பாங்க. அது தெரியறதுக்குள்ள நான் சும்மா இருக்க முடியாது. கிளினிக்ல போட்ட ஊசி ரெண்டு தடவையும் கேக்கலைன்னா இது சாதாரணக் கிருமி இல்லை. வேற மாதிரி மருந்து ஒண்ணு டிரிப்ஸ்ல ஏத்தறேன்."

"கேக்குமா மேடம்?"

"கேக்கணும்" என்றாள் அவள். கேக்கும் என்று அவள் சொல்லவில்லை என்பதைத் தாவீது கவனித்தான்.

மறுநாளும் ஜுரம் இருந்தது. அதற்கடுத்த நாள் காலையில், விடுதிக்குப் பால் ஊற்றிவிட்டு அவன் வார்டுக்குள் நுழைந்தபோது, ரஞ்சனி தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. பக்கத்துக் கட்டில் அம்மா வாங்கி வந்த இட்லியை இடது கையால் பிட்டுத் தின்றுகொண்டிருந்தாள்.

"சட்னி உப்பு ஜாஸ்தி" என்றாள்.

தாவீது அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு நாளாக அவன் சரியாக ஒரு வாய் சாப்பிட்டிருக்கவில்லை. அவள் தட்டிலிருந்த இட்லியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். உப்பு ஜாஸ்திதான். அவனுக்கு அது அமிர்தமாக இருந்தது.

"ஏங்க, மாடுங்களை யார் கறக்கறது?"

"நான்தான். லீவு போட்டுட்டேன். ஓ.டி. என்னை ஒரே ஒதை. உன் மாடாச்சே, அதான் திமிரு."

அவள் சிரித்தாள். அந்த நேரத்தில்தான் டாக்டர் சுபஸ்ரீ கையில் ஒரு தாளோடு வந்தாள். ரஞ்சனியின் கட்டைப் பிரித்துப் பார்த்து, முகம் தெளிந்தாள். "சிவப்பு இறங்கிடுச்சு. நல்ல வேளை, நான் ஏத்தின மருந்துக்கு இந்தக் கிருமி மசியுது. ஆனா மத்த பெரிய பெரிய மருந்து பாதிக்கு மேல இதுகிட்ட செல்லலை. நீங்க என்ன வேலை செய்றீங்க?"

"மாடு வெச்சிக்கினு கீறோம் மேடம்" என்றான் தாவீது.

"மாட்டுக்கு மடிவீக்கம் வந்துச்சா? அடிக்கடி ஊசி போடுவீங்களா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரஞ்சனி தலையாட்டினாள்.

"அங்கிருந்து வந்திருக்கலாம். மருந்தை அடிக்கடி கொடுத்து, பாதியில நிறுத்தி, மறுபடி கொடுத்தா, சாகாம தப்பிக்கிற கிருமிதான் மிஞ்சும். அதுதான் பெருகும். மடியில இருந்தது கையில இருந்த கீறல் வழியா உள்ள போயிருக்கும். வீட்ல வேற யாருக்காவது கொப்புளம், சீழ் வெச்ச புண் இருக்கா?"

தாவீது எழுந்து நின்றான். நிலாவுக்கு முழங்காலில் புண் இருந்தது. பத்து நாளைக்கு முன் கொட்டகை வாசலில் விழுந்து சிராய்த்துக்கொண்டாள். அது ஆறாமல் ஓரத்தில் மஞ்சளாகச் சீழ் கோத்திருந்தது. கன்றுக்குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொட்டகையிலேயே கிடக்கிற பிள்ளை.

அன்றைக்கே அவளைத் தூக்கி வந்தான். டாக்டர் அவள் புண்ணிலும் மூக்கிலும் பஞ்சு சுற்றிய குச்சியை வைத்து எடுத்து லேபுக்கு அனுப்பினாள். "மூக்குல ஏன் வுடறாங்க, கால்லதானே புண்ணு?" என்று நிலா கேட்டாள். கிருமி மூக்கிலும் குடியிருக்கும் என்று டாக்டர் சொல்ல, "என் மூக்குல யாரும் இல்ல" என்று கோபமாகச் சொல்லிவிட்டு அம்மாவின் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள். ரஞ்சனி அவளைத் தொடப் போன கையை இழுத்துக்கொண்டாள். மகளைத் தொடக்கூடப் பயமாக இருந்தது அவளுக்கு. தாவீது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

முடிவு வர இரண்டு நாளாகும் என்றார்கள். அந்த இரண்டு நாளில் அவன் செய்யவேண்டிய வேலைகள் இருந்தன.

இசக்கிபாண்டிக்குப் போன் போட்டான். ஸ்விட்ச் ஆஃப். அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போய் டாக்டர் திருமலையிடம் விஷயத்தைச் சொன்னான். அவர் அன்று மதியமே கொட்டகைக்கு வந்தார். நாலு குழி உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஒவ்வொரு காம்பிலிருந்தும் கொஞ்சம் பால் பீய்ச்சி, ஒரு திரவத்தைக் கலந்து ஆட்டினார். நல்ல பால் தண்ணீராக ஓடியது. சூப்பர்வைசரின் ஒரு காம்புப் பால் கஞ்சியாகத் திரண்டது. டிரெய்னியின் ஒரு காம்பும் லேசாகத் திரண்டது. ஒன்பது மாட்டின் பாலையும் தனித்தனிக் குப்பியில் எடுத்துக்கொண்டார்.

"சார், வித்துடட்டுமா?" என்றான் தாவீது.

"விக்கவே விக்காத. வாங்கறவன் வீட்டுக்கு இதைத்தான் ஓட்டிக்கிட்டுப் போவான். அந்த ரெண்டையும் தனியாக் கட்டு. கடைசியாக் கற. கறந்ததைக் குழி தோண்டி ஊத்து, கன்னுக்கும் காட்டாத. உன் கையில எங்கயாவது கீறல் இருக்கா? காட்டு." கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி. உறை போட்டுக்கிட்டுக் கற. ரிசல்ட் வர்ற வரைக்கும் வெளிய பால் ஊத்தாத."

"விடுதிப் பொண்ணுங்க காய்ச்சித்தான் சார் குடிக்கிறாங்க."

"காய்ச்சினா கிருமி செத்துடும், அதுல பயமில்ல. ஆனா ஊசி மருந்து பால்ல இறங்கியிருந்தா அது காய்ச்சினாலும் போகாது. ஊசி போட்ட நாள்ல பாலை ஊத்தியிருக்கீங்களா?"

"ஊத்திக்கீறோம் சார்" என்றான் தாவீது. சாலையைக் கடந்து விடுதிக்குப் போனான். அங்கே சமையலைப் பார்த்துக்கொள்ளும் தாயாரம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், சட்டென்று கோபப்படுகிறவள். அவன் எதையும் மறைக்காமல் சொன்னான். ஊசி போட்ட நாளிலும் பால் ஊற்றியதைச் சொன்னான். இனிமேல் இந்த வாசலுக்கு வராதே என்று சொல்லப்போகிறாள் என்று தலையைக் குனிந்து நின்றான்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "ரஞ்சனிக்கு இப்ப எப்டி கீது?"

"ஜுரம் வுட்டுடுச்சிக்கா."

"அத்த மொதல்ல சொல்லுவியா! நான் அந்தப் பொண்ணு பொழைக்கலியோன்னு பயந்தே போய்ட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வெங்காயமும் காரணமாக இருந்திருக்கலாம். "செஞ்சது தப்புதான். ஆனா நீ சொல்லாம ஊத்தினே இருந்தா எனக்கு இன்னா தெரியப்போவுது? அது வரைக்கும் பாக்கெட் பால் வாங்கிக்கிறேன். டாக்டர் சரின்னு சொன்னப்புறம் வா. சொல்லாம வராத."

திரும்பி நடந்தபோது, இரண்டு நாளைக்குப் பிறகு முதல் முறையாகத் தாவீதுக்கு மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது.

மறுநாள் மதியம் பார்வையாளர் நேரத்தில், வார்டு வாசலில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். இசக்கிபாண்டி. உள்ளே வரவா வேண்டாமா என்று தயங்கினார். தாவீது எழுந்து அவரை நோக்கி வேகமாகப் போனான்.

"எங்க போய்ட்ட பாண்டிண்ணே? போனை அணைச்சி வெச்சிக்கினு?"

"பயந்துட்டேன் மாப்ள. தங்கச்சிக்கு இப்படின்னு கேட்டதும் கை கால் ஓடல. ஊருக்குப் போயிரலாம்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டேன். பெறவு மனசு கேக்கல." அவர் ரஞ்சனியைப் பார்த்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "என்னாலதானா தங்கச்சி?"

ரஞ்சனிக்கு அவர் மேல் கோபம் இருந்தது. படுத்துக் கிடந்த நாளெல்லாம் அவரைத் திட்டுவதற்குச் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தாள். நேரில் பார்த்ததும் வந்தது வேறு. "நீ மட்டுமாண்ணே? வீக்கம் வடிஞ்சதும் போதும் நிறுத்துன்னு சொன்னது யாரு? நான்தானே. வா, உள்ள வந்து உக்காரு."

ரவுண்ட்ஸுக்கு வந்த டாக்டர் சுபஸ்ரீ அவர் யார் என்று கேட்டாள். இசக்கிபாண்டி தாமாகவே சொன்னார். அந்த மாட்டுக்கு முதலில் என்ன போட்டார், அது கேட்காதபோது எதற்கு மாறினார், எத்தனை நாளில் நிறுத்தினார் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். டாக்டர் திட்டுவாள் என்று மூன்று பேரும் எதிர்பார்த்தார்கள். அவள் கடைசி மருந்தின் பெயரை மட்டும் இன்னொரு முறை கேட்டாள்.

"கிளினிக்ல இவங்களுக்கு ரெண்டு தடவை போட்டதும் அதே மருந்துதான்" என்றாள். "மாட்டு மடியிலயே அதைப் பாத்துப் பழகின கிருமி. அப்புறம் எப்படிக் கேக்கும்?" ரஞ்சனியின் சீட்டில் அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டாள். "நீங்க வந்து சொன்னது நல்லதாப் போச்சு. திருமலை டாக்டர்கிட்டயும் இதை அப்படியே சொல்லுங்க. நீங்க ஊசி போட்ட மத்த வீட்டு மாடுங்களையும் அவர் பார்க்கணும்."

"சொல்லுதேன் டாக்டரம்மா. இனி அவரைக் கேக்காம ஊசியைத் தொட மாட்டேன்."

அவர் அப்படியே கிளம்பிப் போனார். பிறகு ஒரு வாரம் திருமலையின் ஜீப்புக்கு முன்னால் பைக்கில் போய் வீடு வீடாகக் காட்டிக்கொடுத்தார் என்று தாவீது கேள்விப்பட்டான். சில வீட்டில் அவரை ஏசினார்கள். ஏச்சை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாராம்.

நிலாவின் முடிவு மறுநாள் காலையில் வந்தது. தாவீதுதான் லேப் ஜன்னலில் வாங்கினான். அதில் இருந்த ஒன்றும் அவனுக்குப் புரியவில்லை. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி டாக்டரைத் தேடினான். அவள் நடந்துகொண்டே வாங்கிப் படித்தாள். நடை நின்றது. தாவீதும் நின்றான்.

"ஒண்ணுமில்ல" என்றாள் டாக்டர். "மூக்கு சுத்தம். முழங்கால்ல இருக்கறது சாதாரணக் கிருமி, எந்த மருந்தைக் காட்டினாலும் செத்துடும். சோப்புப் போட்டுக் கழுவி இந்த ஆயின்ட்மென்டைப் போடுங்க, போதும்."

தாவீது சுவரில் சாய்ந்தான். ஃபோர்க்லிஃப்டில் டன் கணக்கில் தூக்குகிறவனுக்கு அந்த நேரம் மகளின் எடை தாங்கவில்லை. அவளைக் கீழே இறக்கிவிட்டு முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். நிலா டாக்டரை நிமிர்ந்து பார்த்து, "நான்தான் அப்பவே சொன்னேனே, யாரும் இல்லன்னு" என்றாள். டாக்டர் சுபஸ்ரீ அன்றைக்குத்தான் அவர்கள் முன்னால் வாய்விட்டுச் சிரித்தாள்.

அவர்கள் வார்டுக்குப் போய் ரஞ்சனியிடம் சொன்னார்கள். அவள் நல்ல கையை நீட்டி மகளை இழுத்து, உச்சந்தலையில் மூக்கைப் புதைத்து, வெகுநேரம் அப்படியே இருந்தாள். "அம்மா, மூச்சு முட்டுது" என்று நிலா சொன்னபிறகுதான் விட்டாள்.

டிரிப்ஸை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றியது அந்த வாரக் கடைசியில். எந்த மாத்திரை என்று கேட்டால் சிரிப்பு வரும். ரொம்பப் பழைய மாத்திரை. இப்போது யாரும் அதிகம் எழுதிக் கொடுப்பதில்லை. பாதிக்கு மேல் பெரிய மருந்துகளை எதிர்த்து நின்ற கிருமி இதற்குச் சுருண்டது. "இதை நடுவுல நிறுத்தினீங்கன்னா நானே வீட்டுக்கு வந்துடுவேன்" என்று டாக்டர் மிரட்டி அனுப்பினாள். ரஞ்சனி வீட்டுக்கு வந்தாள். விரல்களை மடக்கினால் வலித்தது, ஆனால் மடங்கின.

மாடுகளின் முடிவு அதற்குள் வந்திருந்தது. திருமலை கொட்டகைக்கு நேரிலேயே வந்து சொன்னார். ஏழு மாடுகள் சுத்தம். டிரெய்னிக்கு இருந்தது லேசான வேறு கிருமி. மருந்தே வேண்டாம், அடிக்கடி கறந்து விட்டாலே தெளிந்துவிடும். கெட்ட கிருமி சூப்பர்வைசரிடம் மட்டும், அதுவும் அந்த ஒரு காம்பில் மட்டும்தான்.

"அந்தக் காம்பை வத்த விட்டுடலாம். இனிமே அதுல கறக்கவே கூடாது. மத்த மூணும் நல்லா இருக்கு. ஆனா கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி எடுத்துப் பார்ப்பேன். அதுலயும் பரவியிருந்தா வேற வழி பார்க்கணும்."

வேற வழி என்றால் கசாப்புக்குத்தான் என்று ரஞ்சனிக்குக் கேட்காமலே தெரிந்தது.

மற்ற மாடுகளின் பாலில் ஊசி மருந்து இறங்கியிருக்கிறதா என்றும் திருமலை சோதித்துவிட்டுத்தான் ஊற்றச் சொன்னார். அவர் சரி என்று சொன்ன அன்று தாயாரம்மாளே சாலையைக் கடந்து தூக்குடன் வந்துவிட்டாள். "அந்தப் பாக்கெட் பாலில டீ போட்டா பொண்ணுங்க மூஞ்ச சுளிக்குதுங்க. எடு எடு" என்றாள்.

கறவை முறை மாறியது. கறப்பதற்கு முன் கையை சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். ஒரு மாட்டைத் துடைத்த துணி அடுத்த மாட்டுக்கு ஆகாது. கறந்து முடித்ததும் ஒவ்வொரு காம்பையும் மருந்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் முக்கவேண்டும். பிறகு தீவனம் போட்டு நிற்கவைக்க வேண்டும். உடனே படுத்தால் திறந்திருக்கும் காம்புக் கண்ணில் சாணி அழுக்கு ஏறிவிடும் என்று திருமலை சொல்லியிருந்தார். முதலில் எல்லாமே தொல்லையாக இருந்தது. பத்துப் பதினைந்து நாளில் பழகிவிட்டது. வேறெந்த மாட்டுக்கும் மடி வீங்கவில்லை. மருந்துப் பெட்டி வைத்த பைக்கின் சத்தம் அந்தத் தெருவில் கேட்கவில்லை.

சூப்பர்வைசரின் பாலைத் திருமலை இரண்டு முறை எடுத்துக்கொண்டு போனார். முதல் முறை சுத்தம் என்று வந்தது. இன்னொரு முறையும் வந்தால்தான் நம்புவேன் என்றார். இரண்டாவது முடிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் கோயில் ஆராதனை முடிந்து வந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது போனில் வந்தது. தாவீதுதான் எடுத்தான். "சரிங்க சார். சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். ரஞ்சனி குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி அவன் முகத்தையே பார்த்தாள்.

போனை வைத்துவிட்டு, "மூணும் சுத்தமாம்" என்றான். "தனியாக் கட்ட வேணாம், மத்த மாடுங்களோட சேர்த்துடுன்னாரு."

ரஞ்சனி கரண்டியை வைத்தாள். அழுவாள் என்று அவன் நினைத்தான். "எனக்குத் தூக்கமா வருதுங்க" என்றாள் அவள்.

சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் சாயங்காலம் கறக்கும் நேரத்துக்கும் எழுந்திருக்கவில்லை. கொட்டகையில் மாடுகள் கத்த ஆரம்பித்தன. தாவீது அறைக்குள் எட்டிப் பார்த்தான். தழும்பேறிய கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்து, வாயை லேசாகத் திறந்து, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கதவை ஓசையில்லாமல் சாத்திவிட்டு, நிலாவைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனான். குழாயடியில் நின்று கையில் சோப்பைப் போட்டுத் தேய்த்தான்.

"காட்டு" என்றாள் நிலா.

காட்டினான்.

"நகத்துக்குள்ள அழுக்கு கீதுப்பா."

தாவீது மறுபடி சோப்பை எடுத்தான்.